பதினாறாவது மாவட்டம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இந்தப் பூங்கோதை ஏன் இப்படி எடுத்தெறிந்து பேசுகிறாள் என்று யாரும் கேட்க வேண்டாம். ஆனால் அந்தப் பிப்ரவரி மாதக் காலையில் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அது 1986. டில்லியில் அரசாங்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமராக இருந்தேன். இருந்தேன் என்பதே பெரிய வார்த்தை. அட்ஹாக் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனால் போகிறது என்று நீட்டித்துக் கொடுப்பார்கள். ஆர்.கே.புரத்தில் என் அண்ணன் நல்லசிவத்தின் குவார்ட்டர்ஸில், பால்கனியை அடைத்துத் தடுத்த இடத்தில் என் கட்டில். அண்ணனுக்கு கௌஹாத்திக்கு மாற்றல் வந்துவிட்டது. ஏப்ரலில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில் கேட்டேன். நிரந்தர வேலை இருந்தால்தான் அறை என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை நிரந்தரமாகாவிட்டால் கோபிச்செட்டிப்பாளையம். அங்கே ஒரு ரைஸ்மில்காரர் வீட்டில் ஜாதகம் பொருந்திப்போய்க் காத்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளைகிட்ட என்ன கொறை கண்ட அம்மிணி?" என்று அண்ணன் தினமும் கேட்டான்.

மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. கோபியில் கம்ப்யூட்டர் இல்லை, அவ்வளவுதான். அண்ணி தங்கம் மட்டும், "அவ வேலை நிக்கட்டும்னு மலை மந்திர் முருகன்கிட்ட வேண்டிட்டு வந்திருக்கறனுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று அண்ணனை அடக்கி வைத்திருந்தாள்.

என்னை நிரந்தரமாக்க வேண்டிய கமிட்டிக்குத் தலைவர், அமைச்சகத்தில் ஜாயிண்ட் செக்ரட்டரியாக இருந்த மல்ஹோத்ரா. எல்லாருக்கும் அவர் ஜே.எஸ். சாப். அவர்தான் நான் எழுதிய விளையாட்டைப் பார்க்க வருவதாக இருந்தது.

விளையாட்டு என்றால் சின்னப்பிள்ளைகள் விளையாடுவது இல்லை. அதிகாரிகளுக்குப் பேரம் பேசவும் முடிவெடுக்கவும் கற்றுக்கொடுப்பதற்காகச் செய்தது. கற்பனையாக ஒரு தேசம், அதில் முப்பது மாவட்டம். நடுவில் இருக்கும் நாட்டுக்கு விளையாடுகிற ஆள் ராஜா. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு ராஜாக்களைக் கம்ப்யூட்டரே நடத்தும். தானியம் விற்கலாம், ஒப்பந்தம் போடலாம், சண்டை போடலாம். யார் முதலில் இருபது மாவட்டம் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

முதலில் எழுதியபோது என் ராஜாக்கள் நால்வரும் மண்டூகங்களாக இருந்தார்கள். ஒவ்வொருவனும் தன் எல்லையை மட்டும் பார்ப்பான். பக்கத்தில் ஒருத்தன் ஊரையே விழுங்கிக்கொண்டிருந்தாலும் இவன் தன் தானியத்தை எண்ணிக்கொண்டிருப்பான். என்னோடு வேலை பார்த்த வேணு அரைமணியில் ஜெயித்துவிட்டுக் கொட்டாவி விட்டான். அதனால் அவர்களுக்கு அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். யாராவது ஒருவரிடம் பதினாறு மாவட்டம் சேர்ந்துவிட்டால் போதும், மற்றவர்களுக்குள் இருந்த சண்டை நின்றுவிடும். முதலில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். அப்புறம் தானியம் தர மாட்டார்கள். அப்புறம் போட்ட ஒப்பந்தத்தையெல்லாம் கிழித்துவிட்டுச் சேர்ந்து வந்து விழுவார்கள். அதை எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. எழுதி முடித்து முதல் தடவை நானே அவர்களிடம் தோற்றபோது, தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

ஜே.எஸ். வருவதற்கு முதல் நாள் என் மேலதிகாரி கல்யாணராமன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், தன் நாற்காலிக்கு ஆபத்து இல்லாதவரை.

"இதோ பாரும்மா, அந்த நாலு பேரும் கூட்டு சேர்ற சமாச்சாரத்தை எடுத்துடு. நாளைக்கு ஜே.எஸ். ஜெயிச்சாகணும்."

"அதை எடுத்தா வெளையாட்டே இல்லீங்க சார்."

"போன வருஷம் அவரோட பேட்மிண்டன் ஆடி ஜெயிச்சானே ஒரு டெபுடி டைரக்டர், அவன் இப்ப எங்கே இருக்கான்? மிசோரம் கோடியில, ஐஸ்வால்ல. யதேச்சையா நடந்ததுன்னு நீ நம்பினா நம்பிக்கோ. எனக்குப் பொண்ணு பிளஸ் டூ படிக்கறா, நான் ஐஸ்வால் போக முடியாது. உன் கேஸும் அவர்கிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கோன்னோ?"

ஞாபகம் இல்லாமலா? எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனாலும் மூன்று மாத உழைப்பை வெட்டி எறிய மனசு வரவில்லை. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். விளையாட்டு ஆரம்பிக்கும்போது மெஷின் ராஜாவின் பெயரைக் கேட்கும். பெயர் மல்ஹோத்ரா என்று வந்தால் மட்டும் நான்கு ராஜாக்களும் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு எப்போதும்போல. வேணு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை எழுதினேன். பெயரை அடித்துச் சோதித்தும் பார்த்தேன். ராஜாக்கள் சமர்த்தாக இருந்தார்கள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஜே.எஸ். வந்தார். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக்கூடாது என்று எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றுவது வழக்கம். அவரும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். கூடவே அவருடைய பி.ஏ. சுப்பையா. திருநெல்வேலிக்காரர். எத்தனையோ ஜாயிண்ட் செக்ரட்டரிகளுக்கு டைப் அடித்துக் கொடுத்தவர்.

நான் செய்த தப்புக்கணக்கு என்னவென்றால், ஜே.எஸ். தானே கீபோர்டில் உட்காருவார் என்று நினைத்தேன். அந்தக் காலத்து டில்லியில் எந்தப் பெரிய அதிகாரி தன் விரலால் டைப் அடித்தார்? அது ஸ்டெனோ செய்கிற வேலை. இது எனக்கு ஏன் தோன்றவில்லை, கல்யாணராமனுக்காவது ஏன் தோன்றவில்லை, தெரியாது. ஜே.எஸ். பின்னால் போட்ட குஷன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சுப்பையா வழக்கம்போல முன்னால் போய் உட்கார்ந்து விரல்களை நீவிவிட்டுக்கொண்டார். நான் அப்போது மேசைக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் செருகிக்கொண்டிருந்தேன். மெஷின் பெயர் கேட்டதும் சுப்பையா அடித்ததும் எனக்குத் தெரியாது.

நிமிர்ந்து பார்த்தபோது விளையாட்டு தொடங்கியிருந்தது. திரையின் மேல் வரிசையில் ராஜாவின் பெயர் பச்சை எழுத்தில் ஒளிரும். அங்கே மல்ஹோத்ரா என்று இல்லை. ஜே.எஸ். என்று இரண்டே ஆங்கில எழுத்து.

சுப்பையாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அடித்த அத்தனை கடிதத்திலும் அத்தனை ஃபைலிலும் ஜே.எஸ். தான் இருந்தார். நாற்காலியில் ஆள் மாறும், ஜே.எஸ். மாற மாட்டார். அவர் விரலுக்கு மல்ஹோத்ரா என்று ஒருவரைத் தெரியவே தெரியாது.

கல்யாணராமன் பக்கத்தில் நகர்ந்து போய்க் காதோடு சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாமுங்களா சார்?"

"எப்படிம்மா? ரெண்டு மாவட்டம் பிடிச்சுட்டார். சிரிச்சுண்டிருக்கார் பாரு. இப்பப் போய் நிறுத்துன்னு யார் சொல்றது? நீயே பாத்துக்கோ."

நான் எதைப் பார்த்துக்கொள்வது? இனி எனக்கு ஒரே நம்பிக்கை, மனுஷர் மோசமாக விளையாட வேண்டும். பதினாறு வராமல் இருந்தால் பிழைத்தேன். பத்துப் பன்னிரண்டில் நின்று, டீ வந்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் போதும். ஆனால் பாவி மனுஷர் பிரமாதமாக விளையாடினார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி உத்தரவு போடுவார், சுப்பையா தடதடவென்று அடிப்பார். தெற்கு ராஜாவிடம் தானியம் வாங்கி வடக்கு ராஜாவிடம் விற்றார். கிழக்கும் மேற்கும் அடித்துக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்து இரண்டு மாவட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். வேறொரு நாளாக இருந்தால் நானே பாராட்டியிருப்பேன்.

பதின்மூன்று ஆயிற்று. டீயும் சமோசாவும் வந்தன. கல்யாணராமன் தட்டை அவர் மூக்குக்குக் கீழேயே கொண்டுபோய் நீட்டினார்.

"ஆறிடும் சார், சாப்பிட்டுட்டு ஆடலாம்."

"அப்புறம், அப்புறம்" என்று கையை ஆட்டிவிட்டார் ஜே.எஸ். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பதினைந்து. கௌஹாத்திக்கு அண்ணி பாத்திரம் கட்டுவதும், கோபியில் பஸ்ஸை விட்டு நான் பெட்டியோடு இறங்குவதும் மாறி மாறிக் கண்ணில் வந்தன. வேணு கதவோரம் போய் நின்றுகொண்டான். விஷயம் அவனுக்கும் புரிந்துவிட்டது.

பதினாறாவது மாவட்டம் விழுந்த உடனே கிழக்கு ராஜாவிடமிருந்து செய்தி வந்தது. தங்கள் வீரத்தைக் கண்டு வியக்கிறோம், நம் நட்பு என்றும் நிலைக்கட்டும் என்று. நான் எழுதிய வாசகம்தான்.

"பார்த்தீர்களா? பயந்துவிட்டான்" என்றார் ஜே.எஸ். சந்தோஷமாக.

அடுத்த சுற்றில் மேற்கு ராஜா தானியம் தர மறுத்தான். பயிர் சரியில்லையாம். அதற்கு அடுத்ததில் கிழக்கும் மேற்கும் சமாதானமாகிவிட்டன. ஜே.எஸ். இதையெல்லாம் கவனிக்கவில்லை. பதினேழு பிடித்தார், பதினெட்டு பிடித்தார். இன்னும் இரண்டுதான் என்று விரலை உயர்த்திக் காட்டினார். கல்யாணராமன் சிரிக்க முயன்று இருமினார்.

பிறகு நால்வரும் ஒன்றாக வந்தார்கள். ஒரே சுற்றில் நான்கு ஒப்பந்தமும் போயிற்று. எல்லையெங்கும் படை.

"இது என்ன? தெற்கு ராஜா என் நண்பன் அல்லவா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், தெற்கு ராஜாவுக்கு நாலஞ்சு மாவட்டத்தை நீங்களே குடுத்துடுங்க. நீங்க பதினாறுக்குக் கீழே போயிடுவீங்க, பெரிசாயிட்ட அவன் மேல மத்த மூணு பேரும் பாய்ஞ்சுடுவாங்க. உங்களை விட்டுடுவாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான் ஜெயித்ததை நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றார்.

கொடுக்கவில்லை. பதினெட்டு பதினான்காயிற்று, ஒன்பதாயிற்று, கடைசியில் இரண்டே மாவட்டத்தோடு நடு நாடு திரையில் ஒரு மூலைக்குப் போயிற்று. சுப்பையா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணராமன் ஆத்திரம் தாங்காமல் சுப்பையாவின் மேல் தமிழில் பாய்ந்தார். "பேரைக் கேட்டா பேரை அடிக்க மாட்டீரா ஓய்? அவர் பேரை அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பாரே!"

சுப்பையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எப்பவும் அடிக்கதைத்தான் அடிச்சேன். எம்மேல எதுக்குப் பழியைப் போடுதீய?" என்றவர், அதோடு நிற்காமல் ஜே.எஸ். பக்கம் திரும்பி அத்தனையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். ஸ்டெனோ அல்லவா, ஒரு வார்த்தை விடவில்லை.

ஜே.எஸ். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என் பெயரை அடியுங்கள்" என்றார்.

மறுபடி ஆட்டம். மேல் வரிசையில் மல்ஹோத்ரா. எந்த ராஜாவும் வாயைத் திறக்கவில்லை. அவர் வேண்டுமென்றே தப்புத் தப்பாக உத்தரவு போட்டார், அப்போதும் மாவட்டங்கள் வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்திலேயே இருபது சேர்ந்து, திரை வெற்றி என்று மின்னியது. பழக்க தோஷத்தில் கல்யாணராமன் கைதட்டினார். வேணுவும் தட்டினான். ஜே.எஸ். திரும்பிப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

"என் பெயரை உள்ளே எழுதியது யார்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்" என்றார் கல்யாணராமன் உடனே. "இந்தப் பொண்ணு பூங்கோதை அட்ஹாக். அவ கேஸ் உங்க கமிட்டியில இருக்கு. உங்களைக் குளிரப் பண்ணலாம்னு தானா ஏதோ செஞ்சிருக்கா. எனக்கே ஆட்டத்து நடுவிலதான் சொன்னா."

ஜே.எஸ். வேணுவைப் பார்த்தார்.

"இவங்கதான் எழுதினாங்க சார். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்" என்றான் வேணு. பொய் இல்லை. யார் எழுதச் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. தினமும் என் டப்பாவில் இருந்து தயிர்சாதம் எடுத்துத் தின்றவன்.

"இந்தப் பிள்ளைதான் புரோகிராம் ஆளுன்னு எல்லாரும் சொல்லுதாங்க சார்" என்று சுப்பையாவும் ஒதுங்கிக்கொண்டார்.

ஜே.எஸ். என் பக்கம் திரும்பினார். "நான்கு ராஜாக்களின் நிலத்தை எனக்கு லஞ்சமாகக் கொடுத்தாயா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவுதான் பயமாக இருந்தது.

நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இந்த ஆள் சொல்லித்தான் எழுதினேன் சார் என்று போட்டு உடைக்க வேண்டும்போல உடம்பெல்லாம் பரபரத்தது. உடைத்தால்? மூன்று பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யார் நம்புவார்கள்? கல்யாணராமனைப் பார்த்தேன். அவர் கழுத்தில் நரம்பு துடித்தது. ஐஸ்வாலை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் போலவேதான் நின்றார். அப்போதுதான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தெற்கு ராஜாவுக்குக் கொடுக்கச் சொன்னேனே, அதேபோல என்னுடையதைக் கொடுத்துவிட வேண்டும்.

"இல்லைங்க சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். "லஞ்சம் இல்லைங்க சார். ஒருத்தர் ஜெயிக்கப் போகும்போது மற்ற ராஜாக்கள் சேர்ந்து எதிர்க்கணும்ங்கறது கல்யாணராமன் சாரோட யோசனை. இந்த விளையாட்டோட உயிரே அதுதான். அதன் அருமை தெரியணும்னா அது இல்லாமலும் ஒரு தடவை ஆடிப் பார்க்கணும். அதனால ரெண்டு விதமாவும் வெச்சிருக்குது. உங்க பேரை அடிச்சா ஒரு விதம், அடிக்காட்டி ஒரு விதம். ரெண்டையும் நீங்க இப்ப ஆடிட்டீங்க. எது நல்லா இருந்ததுங்க சார்?"

கல்யாணராமன் வாய் திறந்தபடி இருந்தது. திறந்த வாயை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்.

"எக்ஸாக்ட்லி சார். ரொம்ப நாளா எனக்குள்ள இருந்த ஐடியா. முன்னாடியே சொன்னா சுவாரசியம் போயிடும்னுதான் சொல்லலை. இந்தப் பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி சார், நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கா."

"அந்த ஸ்கிரீன் எல்லாம் நான்கூடப் பண்ணினேன் சார்" என்று வேணு கதவோரத்திலிருந்து கடுப்பாகக் குரல் கொடுத்தான். கல்யாணராமன் அவனை ஒரு முறை முறைத்தார். அத்தோடு அவர்கள் கூட்டு முடிந்தது.

ஜே.எஸ். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கும் அது வசதியான கதை. தோற்றவர் என்று இல்லாமல், இரண்டையும் சோதித்துப் பார்த்தவர் என்று எழுந்து போகலாம்.

"முதல் ஆட்டம்தான்" என்றார் கடைசியில். "இரண்டாவது தூக்கம் வருகிறது. அச்சா, நல்ல யோசனை, கல்யாணராமன்." ஆறிப்போன சமோசா ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே ஷூ மாட்டப் போனார்.

மார்ச் கடைசியில் என் வேலை நிரந்தரமாயிற்று. ஹாஸ்டலில் அறை கிடைத்தது. அண்ணி கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன், "பொழச்சுக்குவ அம்மிணி" என்று சொல்லிவிட்டு கௌஹாத்திக்கு ரயிலேறினான். கல்யாணராமன் அந்த விளையாட்டைப் பற்றி பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து என் ராஜாக்கள், கல்யாணராமன் ராஜாக்கள் ஆகிவிட்டார்கள். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் சில சமயம் அப்படியே சொன்னேன்.

மே மாதம் ஒரு புது பேட்ச் அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்று விளக்கினார். நான் கீபோர்டில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண், "அதுவரை நண்பர்களாக இருந்தவர்கள் ஏன் சார் திடீரென்று திரும்புகிறார்கள்?" என்று கேட்டாள்.

"பொறாமை" என்றார் கல்யாணராமன். "ஒருத்தன் முன்னுக்கு வந்தா மத்தவனுக்குப் பொறுக்காது."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

பொறாமை இல்லை. மூன்று மாதம் அவர்களுக்குள் உட்கார்ந்து எழுதியவள் நான். அவன் ஜெயித்துவிட்டால் நமக்கு நிற்க இடம் இருக்காதே என்ற பயம். அது ஒன்றைத்தான் அந்த நால்வருக்கும் வைத்திருந்தேன், வேறு எதுவும் வைக்கவில்லை. திரும்பி அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் கல்யாணராமனின் மூச்சு கேட்டது. நான் திரும்பவில்லை. "அடுத்த சுற்று போகலாமா சார்?" என்று அவரைக் கேட்டேன். அவர் தலையாட்டினார். நான் பட்டனைத் தட்டினேன்.